குவளையை ஏன் கையோடு கொடுத்தனுப்பவில்லை?

நாங்கள் நடத்திய மண்பாண்ட வகுப்பைப் பற்றிய அந்தப் பதிவை எல்லாரும் படித்திருப்பீர்கள். "ரெண்டு நாள் போனோம், வெறுங்கையோட திரும்பினோம்." அழுகிற முகம் மூன்று. கீழே ஆறுதல் சொல்ல ஒரு கூட்டம்.

மண் காயவில்லை. விஷயம் அவ்வளவுதான். சொன்னால் சாக்கு என்கிறார்கள்.

வனைந்த பச்சை மண்ணில், எடைக்கணக்கில், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். காயக் காய மண் சுருங்கும். விளிம்பு மெல்லிசு, முதலில் சுருங்கிவிடும். அடி தடிப்பு, ஈரமாகவே உட்கார்ந்திருக்கும். இரண்டும் இழுத்துக்கொண்டால் விரிசல். அதனால்தான் முதல் இரண்டு மூன்று நாள் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுகிறோம், பிறகு கவிழ்த்து வைக்கிறோம். கைப்பிடி ஒட்டுவதற்கும் பதம் உண்டு: நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும், அமுக்கினால் அமுங்கக் கூடாது. இரண்டு பக்கமும் கீறி, அதே மண்ணைக் கூழாகக் கரைத்துத் தடவி ஒட்ட வேண்டும். காய்ந்த குவளையில் ஈரக் கைப்பிடியை ஒட்டினால் நாலே நாளில் கழன்று விழும். "பசை சரியில்லை" என்று அதற்கும் ஒரு பதிவு வரும்.

"ஹேர் டிரையர் போட்டுக் காயவைக்கலாமே?" காயவைக்கலாம். வெளித்தோல் காயும், உள்ளே ஈரம் நிற்கும். சூளையில் 100 டிகிரியைத் தாண்டும்போது அந்த ஈரம் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரியும். போக வழியில்லாவிட்டால் வெடிக்கும். காற்றுக்குமிழிதான் வெடிக்கவைக்கிறது என்று பலர் நம்புகிறார்கள், குற்றவாளி ஈரம். ஒரு குவளை வெடித்தால் சில்லு தெறித்துப் பக்கத்தில் இருக்கும் ஐந்தும் போச்சு. அந்த ஐந்து பேருக்கு யார் பதில் சொல்வது? நாங்கள்தான்.

"சுடாமலே இறுகும் மண்ணைக் கொடுத்திருக்கலாம்." பொம்மை செய்யலாம். தண்ணீர் ஊற்றினால் ஊறிப்போகும். குவளை வேண்டும் என்றது நீங்கள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" அறிவிப்பில் இருந்தது, கடைசி வரியில், சின்ன எழுத்தில். பெரிதாகப் போட்டிருக்க வேண்டும், சரி. அடுத்தது.

அடுத்தது, பறவை பார்க்க நாங்கள் கூட்டிப்போன பறவை நடை. "நாலே நாலு பறவைதான் காட்டினாங்க." விடிந்த முதல் இரண்டு மணி நேரம்தான் பறவைகள் அதிகம் நடமாடும். நீங்கள் வந்து சேர்ந்தது எட்டரைக்கு. இருபது பேர், பேச்சு நிற்கவே இல்லை. இதில் மொபைலில் கூவல் போட்டு வரவழைக்கவில்லை என்று வேறு வருத்தம். கூவல் கேட்ட பறவை போட்டிக்கு இன்னொன்று வந்துவிட்டது என்று நினைத்து, இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு வருகிறது. கூடு கட்டும் காலத்தில் அந்தப் பத்து நிமிடம் குஞ்சுக்குப் பட்டினி. உங்களுக்கு ஒரு போட்டோ. கொடுத்த பைனாகுலர் 8 மடங்குதான் பெரிதாகக் காட்டுகிறது, 12 இல்லை என்று நக்கல் வேறு. 12ஐக் கையில் பிடித்தால் கை நடுக்கமும் 12 மடங்காகத் தெரியும், அதனால்தான்.

காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன். வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு தாளை விலக்கி, துடைத்து, கவிழ்த்து, மறுபடி மூடுகிறவர்கள் யாரும் பதிவுகளில் போட்ட படங்களில் இல்லை. எடுத்தவர்கள் வனையும் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து தங்களை எடுத்துக்கொண்டார்கள்.

நன்றாகக் காய்ந்த பிறகுதான் சூளை. நிதானமாக ஏற்றி, 573 டிகிரி பக்கம் இன்னும் நிதானமாக (மண்ணில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் அங்கே சட்டென்று விரியும்), 950 வரை கொண்டுபோக ஒரு பகல். ஆற இன்னொரு பகல். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். அது உங்கள் குவளையாக இருக்க வேண்டாம் என்றுதான் காத்திருக்கிறோம்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கன்னத்தில் வைத்தால் போதும், சில்லென்று இருந்தால் ஈரம் போகவில்லை. பதிவு போட்டவரே, உங்கள் குவளை இரண்டாவது தட்டில், இடது ஓரத்தில் இருக்கிறது. இன்று காலை வைத்துப் பார்த்தோம். இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது.