கழட்டினது கழட்டியாச்சு, இதையும் மாத்திடலாமா சார்?

இனி யாராவது என்னிடம் "வெறும் பெல்ட்தானே" என்று சொன்னால் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

கார் ஒர்க்ஷாப்பில் கொடுத்த எஸ்டிமேட்டில் டைமிங் பெல்ட்டின் (எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் தாளம் தப்பாமல் ஓட வைக்கிற ரப்பர் பட்டை) விலையைப் பார்த்ததும் மனசு குளிர்ந்தது. அதற்குக் கீழே லேபர் என்று ஒரு வரி. அதைப் பார்த்தால் பெல்ட்டை இனாமாகத் தருகிறார்களோ என்று தோன்றும். ஏனென்றால் அந்த ரப்பரைத் தொட வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்றி, எஞ்சினுக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து, எஞ்சினைத் தாங்கும் ஒரு பக்கத்து மவுண்டை எடுத்து, கிராங்க் புல்லி போல்ட்டோடு மல்லுக்கட்டி, அப்புறம்தான் கவரையே திறக்க முடியுமாம். இதை வடிவமைத்த மகராசன் ஒரு நாளாவது தன் கையால் மாற்றிப் பார்த்திருப்பானா?

சரி, ஆகட்டும் என்றேன். வீடு வந்து சேர்வதற்குள் போன். "சார், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் சத்தம் போடுது. கழட்டினது கழட்டியாச்சு, இதையும் மாத்திடலாமா?" மாத்துங்க. மறுபடி போன். "வாட்டர் பம்பும் இதே பெல்ட்லதான் ஓடுது சார். அது நாளைக்கு ஜாமாச்சுன்னா மறுபடி எல்லாத்தையும் பிரிக்கணும்." மாத்துங்க. பம்ப்பை மாற்றினால் கூலண்ட்டை இறக்க வேண்டுமாம், புதுசு ஊற்ற வேண்டுமாம். மாத்துங்க. "கேம் ஆயில் சீல் கசியுது சார், எண்ணெய் பட்டா புது பெல்ட் ஊறிப் போயிடும்." மாத்துங்கய்யா! இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். பொய் சொன்னாலாவது சண்டை போடலாம்.

வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. பெல்ட் அறுந்தால் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. திறந்தபடி நிற்கும் வால்வை வந்து முட்டி வளைத்துவிட்டுத்தான் ஓயும். நிறைய எஞ்சின்களில் இதுதான் கதி. அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை? பெரும்பாலும் கிடையாது. கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் விளக்கு எரியும், சீட் பெல்ட் போடவில்லை என்றால் கத்தும், எஞ்சினையே சாய்க்கிற பெல்ட் மட்டும் கவருக்குள் கமுக்கமாகச் செத்துப்போகும்.

பெல்ட்டை எப்போது மாற்றுவது என்பதற்கு 60,000 கிலோமீட்டரோ 1,00,000 கிலோமீட்டரோ, வண்டிக்கு வண்டி ஒரு கணக்கு. அது போதாதென்று "அல்லது இத்தனை வருஷம், எது முதலில் வருகிறதோ" என்று வேறு ஒரு கொக்கி. ஓடினால் தேயும், நின்றால் ரப்பர் வெடிக்கும். நான் வண்டியை எடுக்காமல் மிச்சம் பிடித்த பெட்ரோல் காசெல்லாம் இப்போது மொத்தமாக இங்கே போகிறது. "பெல்ட்டுக்குப் பதிலா செயின் வச்ச வண்டி வாங்கியிருக்கலாமே" என்கிற அறிவாளிகளே, அந்தச் செயினும் ஒருநாள் தளரும், அன்றைக்கு வரும் பில்லை எனக்கும் அனுப்புங்கள், சிரிக்க எனக்கும் ஏதாவது வேண்டும்.

கடைசி பில்லைப் பார்த்தேன். இந்த வண்டியை விற்றாலும் அவ்வளவு தேறாது. சிரித்துவிட்டேன். பில் கொடுத்தவரும் சிரித்தார், அவருக்கென்ன.

அதெல்லாம் போகட்டும். இவ்வளவு காசு கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் கால் கிளட்ச்சுக்கு எட்டவில்லை. என் சீட்டை இவ்வளவு பின்னால் தள்ளியது யார்?