ரயிலில் குழந்தையைக் காணோமா? உடனே சத்தம் போடுங்கள்

"ரயிலில் பிள்ளை பிடிக்கிற கும்பல், உஷார்" என்ற ஃபார்வர்டு மறுபடியும் சுற்றுகிறது. யாரோ ஒரு பெண்ணின் படம். எந்த ஊர், என்றைக்கு நடந்தது, ஒன்றும் கிடையாது. தயவுசெய்து அனுப்பாதீர்கள். 2018 மே மாதம் இதே மாதிரி வதந்தியை நம்பித்தான் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போகிற வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மாவை அடித்தே கொன்றார்கள்.

அனுப்புவதாக இருந்தால் 139 என்ற ரயில்வே உதவி எண்ணை அனுப்புங்கள். ரயிலுக்குள் குழந்தையைக் காணோம் என்றால் பலரும் யாரிடமும் சொல்லாமல் தாங்களே பெட்டி பெட்டியாகத் தேடுகிறார்கள். 'பிள்ளையைப் பார்த்துக்கத் தெரியாதா' என்று நாலு பேர் கேட்டுவிடுவார்களே என்ற கூச்சம். அதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். தூக்கியவர் இறங்கப்போவது அங்கேதான். அதனால் சத்தம் போட்டுச் சொல்லுங்கள். ஒருவர் 139-ஐ அழைக்கட்டும், ஒருவர் டிக்கெட் பரிசோதகரை (டிடிஇ) தேடட்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு கதவில் நிற்கட்டும். குழந்தையின் சட்டை நிறம் கேட்பார்கள். வண்டி ஏறும்போதே குழந்தையை ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் அப்போது உதவும்.

சங்கிலியை இழுக்கலாமா? குழந்தை பிளாட்பாரத்தில் நிற்க வண்டி நகர்ந்துவிட்டால் யோசிக்காமல் இழுங்கள். ரயில்வே சட்டம் தண்டிப்பது தகுந்த காரணம் இல்லாமல் இழுப்பவரைத்தான். ஆனால் குழந்தை வண்டிக்குள்தான் இருக்கிறது என்றால், நடுவழியில் நிறுத்துவது, தூக்கியவர் இருட்டில் இறங்கி ஓட நாமே வழி விட்டதுபோல் ஆகிவிடும் என்பது என் எண்ணம்.

புகார் கொடுக்கப் போனால் "ஒரு நாள் பார்க்கலாம்", "இது எங்க எல்லை இல்லை" என்பார்கள். விடாதீர்கள். காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை வழக்காகப் பதிந்து, கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லை எதுவானாலும் எந்த போலீஸ் ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்ஐஆர் (முதல் தகவல் அறிக்கை) போடலாம்.

பிள்ளைகளை வேலைக்கு என்று கூட்டிப்போகும் இன்னொரு வகைக் கடத்தலில் யாருமே அழ மாட்டார்கள், அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. பீகார், ஜார்க்கண்ட் பக்கமிருந்து வரும் வண்டியில் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பையன்கள் நாலைந்து பேர் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். எல்லார் டிக்கெட்டும் ஒரே ஆள் கையில். எங்கே போறே தம்பி என்று கேட்டால் பையன் வாய் திறக்கும் முன் அந்த ஆள் பதில் சொல்வார். அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அடிக்கவும் வேண்டாம். பெட்டி எண், சீட் எண்ணோடு 139-க்கோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ சொல்லுங்கள். நம் சந்தேகம் தப்பாகவும் இருக்கலாம், விசாரிப்பது அவர்கள் வேலை. ஓடிவந்தவர்கள், வழிதவறியவர்கள் என எல்லாருமாக, 2018 முதல் ஏழு ஆண்டுகளில் ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்பிஎஃப்) ரயில்களிலும் ஸ்டேஷன்களிலும் மீட்ட குழந்தைகள் 84,000-க்கும் மேல்.

எல்லாப் பயணிகள் பெட்டிகளிலும் கேமரா வைக்கப்போவதாக 2025-ல் ரயில்வே அறிவித்தது. அந்தப் பையன்கள் வருவது ஏசி பெட்டியில் இல்லை. அன்ரிசர்வ்டு பெட்டிகளில் முதலில் மாட்டச் சொல்லி உங்கள் எம்பிக்கு எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.