ஸோரோவின் மூன்று வாளில் குயினாவுடையது ஒன்றுதான்

"ஒன் பீஸ்ல ஸோரோ முதல்ல இருந்து கடைசி வரைக்கும் குயினாவோட மூணு வாளைத்தான் வச்சிருக்கார்"னு மேலே ஒருத்தர் சொல்லியிருக்கார். ஒன் பீஸ்ங்கிறது ஜப்பானிய மங்கா, ஸோரோ அதுல மூணு வாளோட சண்டை போடுற வீரன், குயினா அவரோட சின்ன வயசுத் தோழி. அவர் சொன்னது தப்பு. குயினாவுடையது ஒண்ணே ஒண்ணு, வெள்ளை உறை போட்ட வாடோ இச்சிமோஞ்சி. அவ இறந்தப்போ ஸோரோ அவ அப்பாகிட்ட கேட்டு வாங்கினது.

மத்த ரெண்டும் பேர் இல்லாத சாதா வாள். கடல்ல மிதக்கிற உணவகமான பராட்டியேல, பெரிய வாள்வீரன் மிஹாக்கோட நடந்த சண்டையில அதுங்க உடைஞ்சுது, வாடோ தப்பிச்சுது. அப்புறம் லோக்டவுன்ங்கிற ஊர்ல, ஒரு வாள் கடையில சாண்டாய் கிதெட்சுங்கிற வாள் கிடைச்சுது. சபிக்கப்பட்ட வாள்னு கடைக்காரர் பதற, ஸோரோ அதை மேலே சுழற்றி வீசிட்டு கீழே கையை நீட்டிக்கிட்டு நிப்பார். விரல் மேல கீறல்கூட விழாது! அதைப் பார்த்துட்டுத்தான் கடைக்காரர் யூபாஷிரிங்கிற இன்னொரு வாளைக் காசு வாங்காம கொடுத்தார்.

அந்த யூபாஷிரியும் நிலைக்கல. எனீஸ் லாபிங்கிற தீவுல, ஒரு எதிரி மாயப் பழம் தின்னு பெற்ற துருப்பிடிக்க வைக்கிற சக்தியால அழிஞ்சுது. அந்த இடத்துக்கு ரியூமாங்கிற பழங்கால வாள்வீரனோட ஷூசூய் வாள் வந்துது. வானோ நாட்டுல ஷூசூயைக் கொடுத்துட்டு, ஓடென்ங்கிற சாமுராயோட என்மா வாளை வாங்கினார். "என்மா கையில வந்ததும் பலம் தானா கூடிருச்சு"ன்னு சிலர் சொல்றதும் அரைகுறை. அது தன்னைப் பிடிச்சவனோட ஹாக்கியை, அதாவது உள்ளே இருக்கிற மனவலிமை சக்தியை, அவன் கேட்காமலே உறிஞ்சும். முதல் வீச்சுல பாறை விளிம்பு அறுந்தது சரி, கூடவே ஸோரோ கை வத்திப்போனதையும் பாருங்க. அதை அடக்கத் தெரிஞ்சாத்தான் பலன்.