எச்.பி.வி. தொற்றைக் கப்பிங்கும் வெப்பமும் நீக்குமா?

கப்பிங் (உடலில் கிண்ணங்களைப் பதித்துத் தோலை உறிஞ்சவைக்கும் முறை), அக்குபங்சர், அகச்சிவப்பு வெப்பம் ஆகியவற்றைச் சில அமர்வுகள் எடுத்துக்கொண்டால், கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸான எச்.பி.வி.யின் தொற்று முற்றிலும் நீங்கிவிடும் என்றும், பிறகு செய்த பரிசோதனையில் ‘நெகட்டிவ்’ வந்ததே அதற்குச் சான்று என்றும் ஒரு செய்தி பகிரப்படுகிறது. இது தவறு.

பரிசோதனை முடிவு மாறியது உண்மையாகவே இருக்கலாம், காரணம்தான் வேறு. இத்தொற்றுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு, எந்தச் சிகிச்சையும் இல்லாமலே, இரண்டு ஆண்டுகளுக்குள் உடலின் நோய் எதிர்ப்பாற்றலால் அடங்கிவிடுகின்றன. ஆகவே அந்த இடைவெளியில் எதைச் செய்திருந்தாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும். சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்காதவரை அத்தகைய அனுபவக் கூற்று எதையும் நிறுவுவதில்லை.

இவ்வைரஸ் மேல்தோலின் அடியடுக்குச் செல்களுக்குள் தங்குகிறது. முதுகில் பதிக்கும் கிண்ணம் கருப்பை வாயில் உள்ள அந்தச் செல்களை எட்டாது. வைரஸையே அழிக்கும் மருந்து நவீன மருத்துவத்திலும் இதுவரை இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மருத்துவமனைகளில் உறையவைத்தோ சுட்டோ செய்யும் சிகிச்சைகள், தொற்றால் மாற்றமடைந்த திசுவையே அகற்றுகின்றன.

இச்செய்தியால் விளையக்கூடிய பெரும் தீங்கு காலதாமதம். கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணமான எச்.பி.வி. 16, 18 ஆகிய வைரஸ் வகைகள் நீடித்துத் தங்கினால், பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் வரை அறிகுறி எதுவும் இன்றியே திசு மாறிக்கொண்டிருக்கும். அக்காலத்தில் கண்டறிந்தால் புற்றுநோயைத் தடுத்துவிடலாம். எனவே ‘பாசிட்டிவ்’ முடிவு வந்த பெண், மகளிர் நல மருத்துவரிடம் கால்போஸ்கோபி (கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் பரிசோதனை) தேவையா, மறுபரிசோதனை எப்போது என்று கேட்டறிவதே முதல் வேலை. தடுப்பூசியும் ஏற்கெனவே உள்ள தொற்றை நீக்காது. அதனால்தான் அதைத் தொற்றுக்கு வாய்ப்பு ஏற்படும் முன்பே, 9 முதல் 14 வயதுக்குள் போடப் பரிந்துரைக்கிறார்கள்.