கோனாவில் தவறிப்போன 15 நிமிடம்

2004 அக்டோபர், ஹவாய்த் தீவின் கோனா. நீச்சல், சைக்கிள், மாரத்தான் ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய அயர்ன்மேன் போட்டியின் உலக சாம்பியன்ஷிப். ஒரு கால் முழங்காலுக்கு மேல் நீக்கப்பட்ட சாரா ரைனர்ட்சென் கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்திக் கரையேறி, 180 கிலோமீட்டர் சைக்கிளும் மிதித்துவிட்டு வருகிறார். சைக்கிளுக்கான கெடு முடிந்து 15 நிமிடம் ஆகிவிட்டது. மாரத்தான் ஓட விடவில்லை. 2005இல் அதே போட்டிக்குத் திரும்ப வந்து, மூன்றையும் 15 மணி 5 நிமிடத்தில் முடித்தார். செயற்கைக் காலோடு கோனாவை முடித்த முதல் பெண் அவர்தான்.

இதைப் பகிர்கிறவர்கள் எல்லோரும் "மனமிருந்தால் மார்க்கமுண்டு" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். 2004இலும் அவருக்கு மனம் இருக்கத்தானே செய்தது? அப்போது பற்றாமல் போனது நேரம். அந்த நேரம் எங்கே கரைகிறது என்று தெரியாமல் இப்படிப்பட்ட வீரர்களுடைய விடாமுயற்சியைப் பாராட்டுவது பாதிப் பாராட்டுதான் என்பது என் கருத்து.

அன்றைய கெடுக்கள் மூன்று: நீச்சலுக்கு 2 மணி 20 நிமிடம், தொடக்கத்திலிருந்து பத்தரை மணி நேரத்துக்குள் சைக்கிள், மொத்தம் 17 மணி நேரம். ஒருவர் நீந்தி, கால் மாட்டி, சைக்கிள் ஏற 1 மணி 45 நிமிடம் ஆனதென்று வைத்துக்கொள்வோம். மிதிக்க மிச்சம் 8 மணி 45 நிமிடம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 9 மணி நேரம் ஆகும், போட்டி அங்கேயே முடிந்தது. 20.6 போனால் தப்பிக்கலாம். அரை கிலோமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம். வழியில் மூன்று தடவை ஐந்தைந்து நிமிடம் நிறுத்தினாலும் அதே கதிதான்.

முழங்காலுக்கு மேல் கால் நீக்கப்பட்டவர்களை கோனாவில் சைக்கிள்தான் கவிழ்க்கிறது. பெடலை அழுத்தும் பலம் பின்தொடைக்கு மேலுள்ள பிட்டத் தசையிலிருந்தும் முன்தொடைத் தசையிலிருந்தும் வருகிறது. முழங்காலே போய்விட்டால் முன்தொடைத் தசைக்கு நீட்டுவதற்கு ஒன்றும் இல்லை. செயற்கை முழங்கால் மடங்கும், நீளும், தானாகத் தள்ளாது. ஆக, பெரும்பாலான வேலை ஒற்றைக் காலின் தலையில் விழுகிறது. மேட்டில் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிக்கவும் முடியாது, முழங்கால் மடிந்துவிடும். ஹாவி ஊர் வரை ஏற்றம், அங்கே முகத்தில் அறைகிற காற்று, இரண்டு பக்கமும் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. எல்லாவற்றையும் உட்கார்ந்தபடியே கடக்க வேண்டும். ஒரு பக்கமே அழுத்தி அழுத்தி இடுப்புக்கு மேலே பிடித்துக்கொள்ளும். முதுகு நிமிர்ந்தால் காற்று இன்னும் பிடிக்கும், வேகம் இன்னும் குறையும்.

அதனால் சைக்கிளுக்கென்று தனிக் கால் செய்கிறார்கள். அதில் பாதம் இருக்காது. ஷூவின் அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ள வருகிற கிளீட்டை நேராகச் செயற்கைக் காலின் குழாய் நுனியில் திருகிவிடுவார்கள். செயற்கைக் கால் பக்கம் மட்டும் பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கைக் குட்டையாக வைப்பதும் உண்டு. பெடல் மேலே வரும்போது இடுப்பு தூக்கிக்கொள்ளாது. தொடையைக் கவ்வும் சாக்கெட்டின் மேல் விளிம்பு எங்கே முடிகிறது என்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். நடைக்கான சாக்கெட்டில் அந்த விளிம்பு நாம் உட்காரும் எலும்பைத் தாங்கி நிற்கும். அதே காலோடு சைக்கிள் ஏறினால் எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவே விளிம்பு மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் தோலை அறுக்கும். விளிம்பை இறக்கி வெட்ட வேண்டும். அதிகம் இறக்கினால் பிடிமானம் போய்விடும். இதைச் சரிசெய்யவே தொழில்நுட்பரிடம் பலமுறை போய்வர வேண்டியிருக்கும். விடாமுயற்சியில் இதற்குப் பெரிய பங்கு உண்டு, யாரும் இதைப் படம் பிடிப்பதில்லை.

அடுத்தது வியர்வை. சாக்கெட்டுக்குள் தொடையில் மாட்டும் சிலிகோன் உறையான லைனருக்குள் காற்று போகாது. வெயிலில் சில மணி நேரத்தில் உள்ளே நீர் தேங்கி, பிடி வழுக்க ஆரம்பிக்கும். நேரம் போகப் போகத் தொடையின் சதையும் கொஞ்சம் வற்றும். சாக்கெட் தொளதொளத்து, அடி வைக்கும்போதெல்லாம் மேலும் கீழும் ஆடும். கொப்புளம் அங்கிருந்துதான் புறப்படுகிறது. இதற்குக் கைவசம் மிச்சக் காலில் மாட்ட மெல்லிசும் தடியுமாகச் சில ஸ்டம்ப் சாக்ஸ், ஒரு காய்ந்த துண்டு, மாற்று லைனர் வேண்டும். தோலில் ஓர் இடம் சுடுகிற மாதிரி இருந்தால் அந்த நிமிடமே நிறுத்திக் கழற்றித் துடைக்க வேண்டும். அப்போது போவது மூன்று நிமிடம். பொறுத்துக்கொண்டு போனால் தோல் உரிந்து, மாரத்தானே போய்விடும். வலியைப் பொறுப்பதை வீரம் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த இடத்தில் கெடுதல்தான் செய்கிறார்கள்.

இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேல் இல்லாத ரூடி கார்சியா டால்சனைப் பாருங்கள். பாராலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்றவர், கடல் அவருக்குப் பிரச்சினையே இல்லை. 2009 கோனாவில் அவரும் சைக்கிள் கெடுவில்தான் விழுந்தார், 8 நிமிடத்தில். ஆறு வாரம் கழித்து அரிசோனா அயர்ன்மேனில் இறங்கி 16 மணி 6 நிமிடத்தில் முடித்தார். கோனாவை விட வெப்பம் குறைந்த பாலைவன நவம்பர். வேறு களத்துக்குப் போனதைச் சிலர் சலுகை என்பார்கள். தூரம் அதே, கெடு அதே 17 மணி நேரம். தன் உடம்புக்கு எந்தப் பாதை ஒத்துவரும் என்று கணித்து இறங்குவது நல்ல விளையாட்டு வீரர் எல்லோரும் செய்வதுதான்.

ஆகவே கெடுவைத் தளர்த்தச் சொல்லும் கருணை எனக்கு ஏற்புடையதல்ல. பணம்தான் உண்மையான தடை. நடக்க ஒரு கால், சைக்கிளுக்கு ஒன்று, ஓட வளைந்த கார்பன் பிளேடு ஒன்று. அமெரிக்காவிலேயே காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக ஓட்டக் காலுக்குப் பணம் தருவதில்லை. சேலஞ்ச்டு அத்லெட்ஸ் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் தரும் உதவித்தொகையில்தான் பலர் ஓடுகிறார்கள். போட்டி நடத்துகிறவர்கள் செய்யக்கூடியது அதிகச் செலவில்லாதது: தண்ணீரிலிருந்து ஏறும் இடத்தில் கை கொடுக்க ஓர் உதவியாளருக்கு அனுமதி, கால் மாற்றும் இடத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி, நனையாத தரை, வழியில் இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்து லைனரைத் துடைக்க நிழல். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.