மூன்றாம் நம்பர் யார்?

(ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரும், தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக்காரரும், திண்ணையில்.)

எழுத்தர்: மாஸ்டர், கால்பந்தில் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கியவர் வெளியேற வேண்டும் என்றீர்கள். ஒருவர் மூன்று வாங்கியிருக்கிறார் என்று என் பேரன் சொல்கிறானே, எண்ணத் தெரியாதவர் யார், அவனா நடுவரா?

மாஸ்டர்: பேரன் சரியாகத்தான் எண்ணியிருக்கிறான். 2006 உலகக் கோப்பையில், ஸ்டுட்கார்ட்டில் குரோஷியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய ஆட்டம் அது. இங்கிலாந்து நடுவர் கிரஹாம் போல், குரோஷியாவின் யோசிப் ஷிமுனிச்சுக்கு 61-ஆவது நிமிடத்தில் ஒரு மஞ்சள் அட்டையும் 90-ஆவது நிமிடத்தில் இன்னொன்றும் காட்டிவிட்டு, சிவப்பை எடுக்காமலேயே ஆட்டத்தைத் தொடர விட்டார்.

எழுத்தர்: பார்வைக் கோளாறோ?

மாஸ்டர்: பார்வையில் இல்லை, குறிப்பேட்டில்தான் கோளாறு. இரண்டாவது அட்டையைக் குறிக்கும்போது, ஷிமுனிச்சின் எண் 3 என்பதைச் சரியாக நினைவில் வைத்திருந்தவர், அதை ஆஸ்திரேலிய அணியின் பக்கத்தில், கிரேக் மூரின் 3-க்கு நேரே எழுதிவிட்டார்.

எழுத்தர்: அடடா, பத்தி மாறிய பதிவு! எங்கள் அலுவலகத்திலும் இரண்டு முருகேசன்கள் இருந்தார்கள். நிலம் வைத்திருந்தவருக்கு முதியோர் உதவித்தொகையும், உதவித்தொகை கேட்டு மனுப் போட்டவருக்கு நிலவரி நோட்டீசும் போய்ச் சேர்ந்தன. அது கிடக்கட்டும், அந்த மூர் என்ன தவறு செய்தார்?

மாஸ்டர்: முதல் பாதியில் பெனால்டியில் ஒரு கோல் அடித்தார்.

எழுத்தர்: பாவம். ஷிமுனிச்சாவது வாய் திறந்து சொல்லியிருக்கலாமே?

மாஸ்டர்: உங்கள் அலுவலகத்துக்கு யாராவது வந்து, எனக்கு வரியைக் குறைத்துப் போட்டுவிட்டீர்கள் என்று முறையிட்டதுண்டா?

எழுத்தர்: ஒருவர் வந்தார். அவர் வேறு தாலுகாவுக்குப் போக வேண்டியவர் என்று பிறகு தெரிந்தது.

மாஸ்டர்: இதில் இன்னொரு வேடிக்கை, ஷிமுனிச் பிறந்ததே ஆஸ்திரேலியாவின் கான்பெர்ராவில்தான்.

எழுத்தர்: அப்படியானால் நடுவர் பிறந்த ஊரைப் பார்த்து எழுதியிருக்கிறார், அதில் என்ன பிழை? சரி, உடன் இருந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லையா?

மாஸ்டர்: கோட்டோரம் இரண்டு உதவி நடுவர்கள், வெளியே நான்காவது நடுவர், அரங்கம் நிறைய ஜனம். ஆளை மாற்றி அட்டை காட்டினால் திருத்திச் சொல்லும் வீடியோ உதவி நடுவர் உலகக் கோப்பைக்கு வந்தது 2018-இல்தான்.

எழுத்தர்: நான்கு பேர் பார்த்தும் தாண்டிப் போனதென்றால், அது முறையான கோப்புதான்.

மாஸ்டர்: ஆட்டம் முடிந்த விசில் ஊதிய பிறகு ஷிமுனிச் நடுவரிடம் மல்லுக்கு நின்றார். அப்போதுதான் மூன்றாவது மஞ்சள், அதன் பின்னாலேயே சிவப்பு.

எழுத்தர்: விசில் ஊதிய பிறகா? மாலை ஆறு மணிக்கு மேல் குத்திய முத்திரை செல்லுமா, மாஸ்டர்?

மாஸ்டர்: செல்லும். ஆட்டத்துக்கு முன் மைதானத்தைச் சோதிக்க உள்ளே நுழைந்தது முதல், முடிந்து வெளியேறும் வரை நடுவருக்கு அந்த அதிகாரம் உண்டு என்கிறது ஐந்தாம் விதி. ஆனால் போலுக்கு அந்த உலகக் கோப்பையில் அடுத்த ஆட்டம் கிடைக்கவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எழுத்தர்: எங்கள் துறையில் இடமாற்றத்தோடு விட்டிருப்பார்கள். போகட்டும், சிவப்பு அட்டை என்றாலே சண்டைதானா?

மாஸ்டர்: இல்லை. 2022-இல் கத்தாரில், ஏற்கெனவே ஒரு மஞ்சள் வாங்கியிருந்த கேமரூனின் அபூபக்கர், பிரேசிலுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் தலையால் முட்டிக் கோல் போட்ட மகிழ்ச்சியில் சட்டையைக் கழற்றிவிட்டார். கழற்றினால் கட்டாயம் மஞ்சள்; கோல் செல்லாமல் போனாலும் அந்த அட்டை செல்லும். நடுவர் இஸ்மாயில் எல்ஃபத் சிரித்தபடி அவரிடம் கைகுலுக்கிவிட்டு, இரண்டாவது மஞ்சளையும் சிவப்பையும் காட்டி அனுப்பினார்.

எழுத்தர்: என்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள், மாஸ்டர். மாலை போட்டு, சிரித்துக் கைகுலுக்கி, வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடையோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதுதான் அட்டையின் நிறம் எனக்குத் தெரிந்தது.