பந்தா குறைவான புறநகர் தேடி

ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆரை (பழைய மகாபலிபுரம் சாலை) விட்டு, சென்னைக்கு மேற்கே இருக்கும் ஆவடிப் பக்கம் குடிவந்ததிலிருந்து எங்களைப் பார்க்கிறவர்கள் சுற்றி வளைத்துக் கேட்பது ஒன்றுதான்: ஏதாவது பணக் கஷ்டமா? சொந்தக்காரர்கள் கொஞ்சம் நாகரிகமாக, "அந்தப் பக்கம் இன்னும் டெவலப் ஆகலையேம்மா" என்கிறார்கள். கஷ்டம் ஒன்றும் இல்லை. வாடகை குறைந்தது, சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் தேடியது, அக்கம்பக்கத்தாரோடு சகஜமாகப் பேச முடிகிற, ஆளைப் பார்த்ததும் எடை போடாத ஒரு ஊரை. சென்னையைச் சுற்றி அப்படி ஊர் இருக்கிறதா என்று இன்பாக்ஸில் சிலர் கேட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் இருந்த அடுக்குமாடி வளாகம். அதில் வசதிக்குக் குறைவில்லை. குழந்தைகள் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டலாம், ராத்திரி பத்து மணிக்கும் நடக்கலாம், கரண்ட் போனால் ஜெனரேட்டர். தண்ணீர் லாரியில் வரும், அந்தச் செலவு மாதாமாதம் மெயின்டனன்ஸில் ஏறும். அதெல்லாம் பழகிவிடும். எனக்குக் கடைசி வரை பழகாதது "எந்த டவர்?" என்ற கேள்வி. ஏரியைப் பார்த்த டவருக்கு விலை அதிகம், ரோட்டைப் பார்த்ததற்குக் குறைவு. டவர் பெயரைச் சொன்னாலே நீங்கள் எவ்வளவு கொடுத்திருப்பீர்கள் என்று எதிரில் நிற்பவர் கணக்குப் போட்டுவிடுவார். வாடகைக்கு இருக்கிறோம் என்றால் குரலே கொஞ்சம் மாறும். அப்புறம் பிள்ளை எந்தப் பள்ளி, சிபிஎஸ்இயா, ஐபியா. லீவுக்கு எங்கே போனீர்கள். பிறந்தநாளுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் என்ன. என் மகள் ஒருநாள் தன் தோழியைப் பற்றிச் சொல்லும்போது, "அவ டூ பிஹெச்கேம்மா" என்றாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கண்ணாடி போட்ட பெண் என்று அடையாளம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். எனக்குத்தான் திக்கென்றது.

வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களுக்குத் தனி லிஃப்ட், வெளியே போகும்போது பை சோதனை. குடியிருப்போர் கூட்டத்தில் இதைக் கேட்டதற்கு "செக்யூரிட்டி ப்ரோட்டோகால் மேடம்" என்று முடித்துவிட்டார்கள். அவர்கள் சமைத்துவைப்பதைச் சாப்பிடலாமாம், அவர்களோடு லிஃப்டில் ஏறக் கூடாதாம்.

அங்கே இருந்தவர்கள் மோசமானவர்கள் இல்லை. திருநெல்வேலி, ஈரோடு, திருவாரூர் என்று எங்கெங்கோ சாதாரண வீட்டில் வளர்ந்து மேலே வந்தவர்கள்தான், எங்களைப் போலவே. யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது இது: கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே தொழில், ஒரே மாதிரி சம்பளம், ஒரே மாதிரி இஎம்ஐ உள்ளவர்களை ஒரே காம்பவுண்டுக்குள் போட்டால் அங்கேதான் போட்டி முற்றும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுக்காரர் மாடி வீட்டுக்காரரோடு போட்டி போடுவதில்லை. மாடி வீட்டுக்காரருக்கும் அவரிடம் நிரூபிக்க எதுவும் கிடையாது. ஆனால் ஒரே மாதிரி இரண்டு ஃப்ளாட்டில் இருக்கிறவர்களுக்குத் தாங்கள் வேறு என்று காட்ட கார், பள்ளிக்கூடம், மாட்யுலர் கிச்சன் என்று ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. அதனால் வீடு தேட ஆரம்பித்தபோது ரூம் அளவை விட, தெருவில் எத்தனை விதமான வீடுகள் கலந்து இருக்கின்றன என்பதைத்தான் நான் முதலில் பார்த்தேன். என் கணவருக்கு இது கொஞ்சம் கிறுக்குத்தனமாகப் பட்டது.

நங்கநல்லூர் ரொம்பப் பிடித்தது. நடந்தே போகிற தூரத்தில் கோயில், மெஸ், மார்க்கெட், வாசலில் நின்று பேசுகிற மனிதர்கள். ஆனால் நாங்கள் பார்த்த வீடுகளில் பேச்சு "நீங்க வெஜ்தானே?" என்றுதான் தொடங்கியது. நாங்கள் இல்லை. பேச்சு அதோடு முடிந்தது. சிட்லபாக்கமும் நல்ல இடம். ஏரியைக் காப்பாற்ற ஊர்க்காரர்களே இறங்கிப் போராடியிருக்கிறார்கள், பொதுக் காரியத்துக்காகக் கூடுகிற ஊர் என்பது பெரிய விஷயம். இதற்கிடையில் கணவரின் அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு மாறியது. அது மாறாமல் இருந்திருந்தால் இன்று சிட்லபாக்கத்தைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருப்பேன்.

சரி, ஆவடி ஏன்? இந்த மேற்கு லைனே தொழிற்சாலைகளால் வளர்ந்தது. பெரம்பூரில் 1955-ல் ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப்., 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடியில் ஊர்க்காரர்கள் டேங்க் ஃபேக்டரி என்று சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலை, ராணுவ உடுப்பு தைக்கிற ஓ.சி.எஃப். கேரளா, ஆந்திரா, வட மாநிலங்கள் என்று எங்கிருந்தெல்லாமோ வேலைக்கு வந்தவர்கள் ரிட்டையர் ஆனதும் இங்கேயே அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு வாங்கி வீடு கட்டிவிட்டார்கள். அதுவும் ஒரே மூச்சில் இல்லை. முதலில் கீழ்த்தளம், மகள் கல்யாணம் முடிந்தபின் மாடி, அதற்கும் மேலே இன்னும் கட்டலாம் என்ற நம்பிக்கையில் மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஃபிட்டர் வீட்டுக்கு எதிரில் ஆட்டோ ஓட்டுபவரின் கூரை வீடு, அதை ஒட்டிப் புது ஃப்ளாட்டில் ஐடி பிள்ளைகள், முனையில் சி.ஆர்.பி.எஃப். குடும்பம் ஒன்று.

இன்னொன்று, எனக்கு ரொம்பச் சுவாரசியமாகப் பட்டது. அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரின் கிரேடு தெருவுக்கே தெரியும். என்ன பென்ஷன் வரும் என்றும் தெரியும். மறைக்கவும் முடியாது, கூட்டிச் சொல்லவும் முடியாது. ஆகவே நடிக்க வேண்டிய அவசியமே பாதி குறைந்துவிடுகிறது.

அதற்காக இங்கே ஏற்றத்தாழ்வே இல்லை என்று சொல்ல மாட்டேன். சோஷலிச பாணிச் சமுதாயம்தான் குறிக்கோள் என்று 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு தீர்மானம் போட்டது இதே ஆவடியில்தான். பின்னால் வந்த குவார்ட்டர்ஸ் வீடுகளை, வழக்கம்போல, கிரேடுக்குத் தகுந்தபடி டைப் டைப்பாகப் பிரித்துத்தான் கொடுத்தார்கள். இன்றைக்கும் கல்யாணப் பேச்சில் சென்ட்ரல் கவர்ன்மென்ட் மாப்பிள்ளைக்குத் தனி மரியாதை. சொந்த வீட்டுக்காரர், வாடகைக்காரர் பேதமும் உண்டு.

இதைவிடப் பெரிய குறை, சாதி. "சொந்த ஊர் எதும்மா?" என்று அன்பாகத்தான் ஆரம்பிக்கும். ஊரைச் சொன்னால் அங்கே எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று போகும். எதற்காகக் கேட்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வீடு பார்த்த நாட்களில் இந்தக் கேள்விக்குப் பிறகு "பையன் வீட்டைக் கேட்கிறான், கொடுக்கிறதா இல்லை" என்று சொன்ன உரிமையாளர்கள் இருந்தார்கள். ஓ.எம்.ஆரில் பணத்தால் எடை போட்டார்கள், அங்கே இந்தக் கேள்வியை யாரும் நேராகக் கேட்கவில்லை. இது எந்த ஊர் மாறினாலும் தீராத வியாதி. நட்பான ஊர் என்று சொல்லிவிட்டு இதை மறைத்தால் நான் புரோக்கர் வேலை பார்க்கிறேன் என்று அர்த்தம்.

தனிமை விரும்புகிறவர்களுக்கும் இது ஏற்ற இடம் இல்லை. "சம்பளம் எவ்வளவு வருது? ஒரே பொண்ணு போதுமா?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்பார்கள். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கேட்காமலே ரசம் கொண்டுவந்து வைத்ததும் அதே எதிர்வீட்டு ஆன்ட்டிதான். சி.டி.எச். ரோட்டு (சென்னை-திருவள்ளூர் சாலை) நெரிசல், மழைத் தண்ணீர், கொசு பற்றியெல்லாம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தேடுகிறவர்களுக்கு என் யோசனை: புரோக்கரோடு காரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மின்சார ரயிலில் போய் இறங்கி நடந்து பாருங்கள். வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்களா, பிள்ளைகள் தெருவில் விளையாடுகிறார்களா, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்தா, தனித்தனியாகவா என்று கவனியுங்கள். தள்ளுவண்டியில் துணி தேய்க்கிறவரிடம் பேச்சுக் கொடுங்கள், தெருவில் எந்த வீடு எப்படி என்று அவரைவிட யாருக்கும் தெரியாது. வீட்டு உரிமையாளரைக் கேட்பதை விட அதே தெருவில் வாடகைக்கு இருப்பவரைக் கேளுங்கள்: தண்ணீர் எப்போது விடுகிறார்கள், கரண்டுக்கு யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள், விருந்தாளி வந்தால் முகம் சுளிப்பார்களா. ஆவடி என்றால் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். ட்ராக் சூட்காரர், லுங்கிக்காரர், புடவையோடு ஷூ போட்ட அம்மாக்கள், எல்லோரும் ஒரே பாதையில்தான் நடக்கிறார்கள்.

என் சித்தி மகளும் இப்போது இந்த லைனில் வீடு பார்க்கிறாள். பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. அங்கே வாடகைக்கு இருப்பவர்கள் யாராவது தெரு நிலவரம் சொன்னால் உதவியாக இருக்கும். புரோக்கர்கள் தயவுசெய்து வேண்டாம்.